கடலைப் பாடிய ஊரின் குளம்

எங்கள் வீட்டில் தண்ணீருக்கு இரண்டு பெயர். வாளி போட்டு அள்ளினால் அது கிணத்துத் தண்ணி. குழாயில் வந்தால் அது கந்தளாய். அதோடு 'தண்ணி' என்ற சொல்லைக்கூட அம்மா சேர்ப்பதில்லை. "கந்தளாய் வருதா எண்டு ஒருக்கால் திறந்து பார்", "தேத்தண்ணிக்குக் கந்தளாயை வை, மற்றதெல்லாத்துக்கும் கிணத்துத் தண்ணி காணும்" என்பார். சின்ன வயதில் கந்தளாய் என்பது ஏதோ ஒரு வகைத் தண்ணீரின் பெயர் என்றுதான் நினைத்திருந்தேன். அது ஒரு ஊர், அங்கே ஒரு குளம் இருக்கிறது, அந்தக் குளத்திலிருந்து சுத்திகரித்துக் குழாய் வழியே திருகோணமலைப் பட்டினத்துக்கு அனுப்புகிறார்கள் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

போன வருடம் எங்கள் வீதியில் குழாய் உடைந்து மூன்று நாள் கந்தளாய் வரவில்லை. கடலோரத்து வீடு, கிணறு உவர். அந்தத் தண்ணீரில் போட்ட தேநீர் மேலே மெல்லிய ஆடை கட்டி நிற்கும். பருப்பு எவ்வளவு நேரம் அவிந்தாலும் கல்லுக் கல்லாகவே கிடக்கும். இரண்டாம் நாள் இரவு அந்தத் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் வெட்கமாக இருந்தது. நாற்பது வயது தாண்டிவிட்டது, பிறந்த நாளிலிருந்து குடிப்பது அந்தக் குளத்துத் தண்ணீர், ஒரு தடவையாவது அதன் கரையில் இறங்கி நின்றிருக்கிறேனா? கொழும்புக்கு இரவு பஸ் ஏறினால் கந்தளாய் வருமுன்பே நித்திரை. திரும்பி வரும்போது விடியற்காலை ஜன்னல் வழியே ஒரு நீளமான வெளிச்சம் தெரியும், அவ்வளவுதான்.

இது என்னுடைய சோம்பல் மட்டுமல்ல என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன். எங்கள் ஊரே கடல் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருக்கிற ஊர். 7ஆம் நூற்றாண்டில் எங்கள் கோணேசர் கோயிலைச் சம்பந்தர் பாடிய பதிகத்தை எடுங்கள். 'குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமாமலை அமர்ந்தாரே' என்று முதல் பாட்டிலேயே அலை அடிக்கிறது, முத்து ஒதுங்குகிறது. கடல் இரைவதும் கடல் முத்துச் சுமந்து வருவதும் பாட்டுக்குப் பாட்டு வரும். பள்ளிக்கூடத்தில் இதை மனப்பாடம் செய்தபோது வகுப்பறை ஜன்னலுக்கு வெளியே அதே கடல் இரைந்துகொண்டிருந்ததால் கவிதைக்கும் காட்சிக்கும் இடையில் தூரம் இருப்பதாகவே தோன்றியதில்லை. நவீன எழுத்தும் அப்படித்தான். மூதூர்க்காரர் வ. அ. இராசரத்தினத்தின் பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது 'தோணி' கதைதான். நானும் பதினெட்டு வயதில் கவிதை என்று நினைத்துக்கொண்டு எழுதியவை முழுக்க அலையும் நுரையும்தான். நல்ல வேளையாக அந்தக் கொப்பி தொலைந்துவிட்டது.

குழாய் திருத்தப்பட்ட பிறகு சம்பந்தர் பதிகத்தைத் திரும்ப எடுத்து வாசித்தேன், இந்தத் தடவை நல்ல தண்ணீரைத் தேடிக்கொண்டு. ஒரு சொல் அகப்பட்டது. 'கோயிலும் சுனையும் கடலுடன் சூழ்ந்த கோணமாமலை.' சுனை! மலையில் ஊறும் ஒரு சிறு ஊற்று. இன்னொரு பாட்டில் 'குடிதனை நெருங்கிப் பெருக்கமாய்த் தோன்றும்' என்று ஊரைச் சொல்கிறார். குடிகள் நெருங்கி வாழ்ந்த ஊர். அவ்வளவு சனமும் ஒரு சுனையை நம்பியா சீவித்திருக்கும்? கோயிலுக்கு அமுதுபடி எங்கிருந்து வந்தது, பிராமணர்களுக்குச் சோறு எங்கிருந்து வந்தது? பாட்டு அதைச் சொல்லாது. பாட்டுக்கு அது வேலையும் இல்லை. ஆனால் எனக்கு அந்தக் கேள்வி போகவில்லை.

தம்பலகாமத்தில் இருக்கிற பெரியப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். "குளம் பாக்கப் போறியோ? இவ்வளவு காலமும் எங்க போனனி?" என்று கேட்டுவிட்டு, "வா, நானும் வாறன். தண்ணி எப்ப விடுவாங்கள் எண்டு எனக்கும் பாக்க வேணும்" என்றார். அவருக்குக் காரணம் வயல். எனக்குக் காரணம் தேநீர்.

பட்டினத்திலிருந்து கண்டி வீதியில் தென்மேற்கே போனால் 40 கிலோமீட்டர் அளவில் கந்தளாய். வழியில் தம்பலகாமச் சந்தியில் பெரியப்பா ஏறிக்கொண்டார். கையில் ஒரு குடை, தோளில் துவாய். குளக்கட்டில் ஏறியதும் நான் செய்தது எல்லோரும் செய்வதுதான். தண்ணீரைப் பார்த்து நின்றுவிட்டேன். மறுகரை எங்கோ ஒரு சாம்பல் கோடு. பட்டுப்போன மரக்கிளை ஒன்றில் நீர்க்காகங்கள் செட்டையை விரித்துக் காயப்போட்டிருந்தன. காற்றுக்குச் சிறு அலைகள் வந்து கட்டின் உட்பக்கம் அடுக்கியிருந்த கற்களில் 'சளக் சளக்' என்று மோதின. கடலின் அலைக்கு ஒரு மூச்சிழுப்பு இருக்கும். இது நாய் தண்ணீர் குடிக்கிற சத்தம் மாதிரி, ஓயாமல், சின்னதாக.

பெரியப்பா தண்ணீரைப் பார்க்கவேயில்லை. அவர் கட்டின் மறுபக்கத்தில், வயலுக்கு இறங்கும் சரிவின் ஓரமாகவே நடந்தார். குனிந்து குனிந்து அடிவாரத்தைப் பார்த்தார். ஓரிடத்தில் நின்று குடை நுனியால் காட்டி, "அதில புல்லு கொஞ்சம் கூடப் பச்சையா இருக்கோ?" என்று கேட்டார். எனக்கு எல்லாம் ஒரே பச்சையாகத்தான் தெரிந்தது. "இல்லையாக்கும்" என்று தானே சொல்லிக்கொண்டு நடந்தார். ஏன் அப்படிப் பார்க்கிறார் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

குளத்தின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கட்டின் நீளம் சுமார் 14,000 அடி, அதாவது நாலேகால் கிலோமீட்டர். உயரம் 50 அடி. நிரம்பினால் சுமார் 13.5 கோடி கன மீட்டர் தண்ணீர். எங்கள் பக்கம் வருடத்து மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் தொடங்கி ஜனவரிக்குள் கொட்டி முடிந்துவிடும். மிச்ச மாதங்களுக்கு வானத்தை நம்பிப் பிரயோசனம் இல்லை. அந்த மூன்று நாலு மாதத் தண்ணீரைப் பிடித்து வைத்துப் பெரும்போகத்தைக் காப்பாற்றிச் சிறுபோகத்துக்கும் கொடுப்பதுதான் குளத்தின் தொழில். பேராறு இதற்குள் வருகிறது. ஆனால் உள்ளூர் மழையும் பேராறும் மட்டுமாக இருந்தால் இவ்வளவு பெரிய குளம் தேவைப்பட்டிருக்காது.

மாத்தளை மலைப்பக்கத்தில் அம்பன் கங்கை ஓடுகிறது. அது மகாவலியின் கிளை. எலஹெரவில் பழங்கால மன்னர்கள் அதை மறித்து ஒரு கால்வாய் வெட்டினார்கள். அந்தத் தண்ணீர் மின்னேரியா, கவுடுல்ல என்று குளம் குளமாக நிரப்பிக்கொண்டு கடைசியில் கந்தளாய்க்கு வந்து சேர்கிறது. கால்வாய்க்குள் திரும்பாத பங்கு மகாவலியில் விழுந்து, மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. கந்தளாய்க்கு வந்த பங்கு வயல்களுக்குள் புகுந்து, வடிந்து, தம்பலகாமக் குடாவில் கலக்கிறது. ஒரே மலையில் பெய்த மழை பிரிந்து, இரண்டு வழியில் நடந்து, எங்கள் ஊரின் இரண்டு குடாக்களுக்கு வந்து சேர்கிறது. தேசப்படத்தில் இதை விரலால் தொட்டுப் பார்த்தபோது எனக்குச் சம்பந்தர் பதிகத்தை முதன்முதல் விளங்கிக்கொண்ட நாளில் வந்த அதே சந்தோஷம் வந்தது. பூமிசாத்திரப் பாடத்தில் இதை யாரும் இப்படிச் சொல்லித் தரவில்லை. ஆறுகளின் நீளத்தைப் பாடமாக்கத்தான் விட்டார்கள்.

சரி, இந்தக் குளத்தைக் கட்டியது யார்? கட்டில் நின்று பெரியப்பாவிடம் கேட்டேன். "குளக்கோட்டன்" என்றார், எதிர்வீட்டுக்காரரின் பெயரைச் சொல்வது போல.

குளக்கோட்டன் கதையைச் சொல்லும் நூல்களில் எனக்குப் பிடித்தது கவிராசவரோதயரின் கோணேசர் கல்வெட்டு. பெயர்தான் கல்வெட்டு, கல்லில் இல்லை. பாட்டும் உரைநடையுமாக ஏட்டில் இருந்த நூல். கோணேசர் கோயிலைக் குளக்கோட்டன் எப்படிக் கட்டினான், யார் யாரைக் குடியேற்றினான், யாருக்கு என்ன தொழும்பு என்பதைச் சொல்வது. கோயில் கட்டிய காலத்தையும் சொல்கிறது: கலி பிறந்து 512 ஆண்டு ஆனபோது. கணக்குப் போட்டால் இன்றைக்கு 4,600 வருடத்துக்கு முன். இதைச் சரித்திரமாக எடுத்துக்கொண்டு சண்டை பிடிக்கிறவர்களும் உண்டு. நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. சரித்திரக்காரர்கள் வேறொரு கல்லைக் காட்டுகிறார்கள். திருகோணமலைக் கோட்டைக்குள் அகப்பட்ட சமஸ்கிருதச் சாசனத் துண்டு, சக வருடம் 1145, அதாவது கி.பி. 1223, சோடகங்கன் என்பவன் கோகர்ணத்துக்கு, அதாவது திருகோணமலைக்கு, வந்ததைச் சொல்வது. குளக்கோட்டன் என்று பிற்காலத்தில் பாடப்பட்டவன் இந்தச் சோடகங்கனாக இருக்கலாம் என்பது ஒரு கருத்து.

எனக்கு வேண்டியது அவன் பெயர். குளமும் கோட்டமும். கோட்டம் என்றால் கோயில். குளத்தையும் கோயிலையும் கட்டியவனுக்குச் சனம் வைத்த காரணப்பெயர் அது. அதில் எது முதலில் நிற்கிறது என்று பாருங்கள். சம்பந்தர் கண்ட கோயிலின் பக்கத்தில் கடல் இருந்தது. கல்வெட்டுக்காரர் கண்ட கோயிலின் பின்னால் குளம் இருந்தது. கோயிலுக்கு நிலம் விட்டால் போதாது, நிலத்துக்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் விட்டால் போதாது, விளைந்ததைக் கொண்டுவந்து குற்றி, விளக்குக்கு எண்ணெய் ஊற்றி, பூமாலை கட்ட ஆட்கள் வேண்டும். அதற்குத்தான் தானத்தார், வரிப்பத்தார் என்று குடிகள். யார் எதைச் செய்ய வேண்டும், தவறினால் என்ன என்று நூல் விடாமல் சொல்லிக்கொண்டே போகிறது. முதல் வாசிப்பில் அலுத்துப் போனேன். குளக்கட்டில் நடந்த பிறகு வாசித்தபோது அந்தப் பட்டியல்தான் நூலின் உயிர் போலத் தெரிந்தது. அலையையும் முத்தையும் யாரும் பாடலாம். எண்ணெய்க் கணக்கைப் பாடுகிறவன் குளத்தின் ஆள்.

கதைக்கும் குறைவில்லை. உன்னாசகிரியில் ஆடகசவுந்தரி என்று ஒரு அரசி. குழந்தையாகப் பேழையில் வைத்துக் கடலில் விடப்பட்டு மிதந்து வந்தவள் என்பார்கள். வெளியூர்ச் சோழன் வந்து தன் எல்லையில் கோயில் கட்டுகிறான் என்று கேள்விப்பட்டு, அவனைத் துரத்தப் படையோடு மந்திரியை அனுப்பினாள். போன மந்திரி சண்டை பிடிக்கவில்லை, கலியாணம் பேசி முடித்தான். கந்தளாய்க் குளம் அந்தக் கலியாணத்தோடு சேர்ந்த காரியம். கட்டைப் போட்டது பூதங்கள். பெரியப்பாவின் கதையில் பூதங்கள் கூடை கூடையாக மண் சுமந்து, வேலை முடிந்ததும் கூடையைத் தட்டிவிட்ட இடங்கள்தான் பக்கத்தில் இருக்கிற திட்டிகள். "எந்தத் திட்டி?" என்று கேட்டேன். "அந்தா" என்று குடையால் பொதுவாக ஒரு திசையைக் காட்டினார். கடலில் வந்தவளும் கடல் தாண்டி வந்தவனும் சேர்ந்து, கடலே தெரியாத இடத்தில் ஒரு குளத்தைக் கட்டினார்கள் என்பது எவ்வளவு நல்ல கதை! இதை எழுதாமல் நான் நுரையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சிங்கள மரபில் இது கங்காதடாகம். சூளவம்சம் 7ஆம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் அக்கபோதி கட்டியதாகச் சொல்கிறது. குளக்கோட்டனா அக்கபோதியா என்று இணையத்தில் நடக்கிற சண்டையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கத்திலும் ஒருவர்கூட வயல் செய்கிறவராகத் தெரியவில்லை. வயல்காரனைக் கேட்டால் தெரியும், மண்கட்டு ஒருமுறை கட்டி முடிகிற சாமான் அல்ல. ஒவ்வொரு மாரிக்கும் கரைகிறது, எலி துளைக்கிறது, மரவேர் பிளக்கிறது. ஆயிரம் வருடம் நின்ற கட்டு என்றால் ஆயிரம் வருடம் யாராரோ மண் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதில் ராசாக்களின் பெயர் மட்டும் நமக்கு மிஞ்சியிருக்கிறது.

ராசா அல்லாத ஒரு பெயரும் மிஞ்சியிருக்கிறது. எனக்கு இந்தப் பயணத்தில் கிடைத்த பெரிய சொத்து அதுதான். கந்தளாய்க்குப் பக்கத்தில் பளமோட்டையில் ஒரு தமிழ்க் கல்வெட்டு. முதலாம் விசயபாகுவின் 42ஆவது ஆட்சி ஆண்டு, அப்படியென்றால் 11ஆம் நூற்றாண்டின் கடைசி. நங்கைச்சானி என்ற பிராமணப் பெண், செத்துப்போன தன் கணவனின் நினைவாக, கந்தளாயில் இருந்த விசயராச ஈசுவரம் என்ற சிவன் கோயிலுக்குத் தானம் கொடுத்திருக்கிறாள். அந்தக் கோயிலுக்குத் தென்கைலாசம் என்றும் பெயர். தானத்தைக் காக்கும் பொறுப்பு வேளைக்காரப் படையிடம். ஒரு கைம்பெண்ணின் துக்கத்துக்குக் காவல், பட்டாளம்! சோழர் காலத்தில் இந்த ஊருக்கு இராசராசச் சதுர்வேதிமங்கலம் என்று பெயர். சோழர் போய் விசயபாகு வந்ததும் விசயராசச் சதுர்வேதிமங்கலம். ஆட்சி மாறினால் பெயர்ப்பலகை மாறும் என்பது புதிதில்லை. ஆனால் ஊருக்குள் பிராமணர்கள் இருந்தார்கள், கோயில் இருந்தது, வயல் விளைந்தது, பெண்கள் தங்கள் பெயரில் தானம் எழுதினார்கள். நூறு வருடம் கழித்து நிசங்கமல்லன் இங்கே வந்திருக்கிறான். அவன் உட்கார்ந்த கல்லாசனத்தில் சிங்களத்தில் எழுதியிருக்கிறது. அதிலும் பிரமபுரமும் பார்வதி பெயரில் ஒரு அன்ன சத்திரமும் வருகின்றன. சிங்கள அரசன், பார்வதி சத்திரம், சோறு. குளம் இருந்தால் சோறு போடலாம்.

இவற்றை நான் இலக்கியம் என்றுதான் சொல்வேன். அணி இல்லை, சந்தம் இல்லை. ஆனால் நங்கைச்சானியின் பெயரைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள்.

இனி, பெரியப்பா புல்லைப் பார்த்த காரணம்.

1986 ஏப்ரல் 20, விடியப்புறம் மூன்று மணி. சித்திரை வருடம் பிறந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. கந்தளாய்க் கட்டு உடைந்தது. 120 பேருக்கு மேல் செத்தார்கள். சுமார் 1,600 வீடுகளும் 2,000 ஏக்கர் வயலும் அழிந்தன. அப்போது பெரியப்பாவுக்கு முப்பது வயது. "முதல்ல சத்தம்தான் வந்தது. ரெயில் வாற சத்தம் எண்டு நினைச்சன். அந்த நேரம் ரெயில் இல்லையே எண்டு யோசிக்கேக்க மாடெல்லாம் கத்தத் தொடங்கிட்டுது." அவர் வீடு மேட்டில் இருந்ததால் தப்பியது. விடிந்து பார்த்தால் வயல் இருந்த இடத்தில் செம்மஞ்சள் தண்ணீர், அதில் ஒரு கதவு, ஒரு தொட்டில், பிறகு மிதக்கக் கூடாதவை. வடிந்த பிறகு வரம்புகளைக் காணவில்லை. யாருடைய வயல் எங்கே முடிகிறது என்று சொல்ல ஒரு அடையாளமும் இல்லை. மண் மூடிய வயலைத் திரும்ப வயலாக்கியதை அவர் அதிகம் சொல்லவில்லை. போருக்கு நடுவிலான வருடங்கள் அவை. வெள்ளம் ஒன்றுதான் கவலை என்றிருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ.

மண்கட்டு மேலால் வழிந்துதான் உடையும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி மட்டுமில்லை. உள்ளே ஒரு கசிவு, மயிரளவு, மண்ணை ஒவ்வொரு துணுக்காக வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். ஓட்டை பெருக்கும். வெளியே தெரிகிற அடையாளம் வயல் பக்கத்து அடிவாரத்தில் ஓரிடம் மட்டும் ஈரமாக இருப்பது, அங்கே புல் மற்ற இடத்தைவிடப் பச்சையாக நிற்பது. அதனால் அவர் இவ்வளவு காலமாகக் குளத்தின் அழகான பக்கத்தைப் பார்த்ததில்லை. "தண்ணி எவ்வளவு நிக்குது எண்டு பாக்க ஆக்கள் இருக்கினம். இந்தப் பக்கத்த ஆர் பாக்கிறது?" என்றார். பொறியியலாளர்கள் பார்க்கிறார்கள், கட்டைத் திரும்பப் போட்டுப் பல வருடம் ஆயிற்று என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

திரும்பும் வழியில் வீதியோரக் கடையில் ஒரு சட்டி எருமைத் தயிர் வாங்கினேன். ஓலையால் மூடிக் கயிறு கட்டித் தந்தார்கள். பெரியப்பா அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். தம்பலகாமத்தில் இறங்கி முதலில் கோயிலுக்குப் போனோம்.

தம்பலகாமம் ஆதிகோணநாயகர் கோயிலுக்கு ஒரு கதை இருக்கிறது, இது பூதக்கதை அல்ல. 1622இல் போர்த்துக்கேயர் கோணமலைக் கோயிலை இடித்தார்கள். அந்தக் கல்லைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். கோட்டை வாசல் தூணில் இன்றைக்கும் இரண்டு மீன் சின்னமும், குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பறங்கி பிரிப்பான் என்று தொடங்கும் ஒரு பாட்டின் எழுத்துகளும் தேய்ந்துபோய் இருக்கின்றன. பறங்கிக்குப் பிறகு வரப்போகிறவர்களைப் பூனைக்கண், புகைக்கண் என்று கண் நிறத்தை வைத்துச் சொல்லும் பாட்டு. எங்கள் ஊர்ச் சிறுவர்களுக்கு அதில்தான் முதல் சரித்திரப் பாடம். கோயில் இடியுமுன் சில விக்கிரகங்களை எடுத்துக்கொண்டு ஆட்கள் காட்டுக்குள் ஓடினார்கள். ஒளித்து வைத்துக் காப்பாற்றிய மூர்த்தங்களைப் பிறகு, கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கன் காலத்தில், தம்பலகாமத்தில் கோயில் எடுத்து வைத்தார்கள்.

ஏன் தம்பலகாமம்? காடு பக்கம், கடற்படைக்கு எட்டாத தூரம் என்று காரணம் சொல்லலாம். எனக்குத் தோன்றுவது வேறு. கடலோரத்துக் கோயில் போய்விட்டது. மிஞ்சியிருந்தது குளமும் வாய்க்காலும் கோயிலுக்கு விட்ட வயலும் தொழும்பு செய்கிற குடிகளும். சாமி எங்கே போகும்? சோறு இருக்கிற இடத்துக்குப் போயிருக்கிறது. கடலைப் பார்த்து வீற்றிருந்தவர், தனக்குப் படியளந்த தண்ணீரின் கடைசிப் பக்கம் வந்து உட்கார்ந்திருக்கிறார். இதற்கு ஆதாரம் கேட்டால் என்னிடம் கல்வெட்டு இல்லை. கோயில் வாசலில் நின்றால் நாலு பக்கமும் வயல் தெரிகிறது, அவ்வளவுதான்.

"முந்தி குளக்கட்டில வேள்வி வைக்கிறவை. தண்ணிக்கு" என்றார் பெரியப்பா, விபூதியைப் பூசிக்கொண்டே. "இப்ப கூட்டம் வைக்கினம்." சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்தத் திகதி தண்ணீர் விடுவது என்று அதிகாரிகளும் கமக்காரரும் இருந்து தீர்மானிக்கிற கூட்டம். வேள்வியில் சண்டை குறைவா, கூட்டத்தில் குறைவா என்று கேட்டேன். இரண்டிலும் வாய்க்கால் கடைசிக்காரன் பேச்சு எடுபடாது என்றார். அவர் வயல் வாய்க்கால் கடைசியில்.

வெயில் தாழ்ந்த பிறகு அங்கே போனோம். அன்று காலைதான் துருசைத் திறந்திருந்தார்கள். வாய்க்கால் வரம்பில் பூவரசு நின்றது. பெரியப்பா ஒரு இலையைப் பிடுங்கித் தண்ணீரில் போட்டுவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இதில இருந்து அந்த மதகடிக்கு எட்டு நிமிசத்தில போனா என்ர வயலுக்கு விடியக்குள்ள தண்ணி வரும். பத்துக்கு மேல எண்டா மேல ஆரோ மறிச்சிட்டாங்கள்."

இலையோடு நாங்களும் நடந்தோம். மஞ்சள் தண்ணீர், சின்னச் சுழி, இலை ஒரு தடவை கரையில் ஒட்டி நின்று தானாக விலகியது. நான் தயிர்ச்சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால். மாத்தளை மலை, எலஹெர, மின்னேரியா என்று நான் மனதுக்குள் வழி சொல்லிக்கொண்டு வந்தேன். ஆறாவது நிமிடம் இலை ஒரு பொலித்தீன் பையில் சிக்கிக்கொண்டது. முள்ளில் மாட்டி, தண்ணீர் நிரம்பி உப்பிப்போய்க் கிடந்த பை. எழுபது வயது மனிதர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். பையைப் பிய்த்து வரம்பில் எறிந்தார். இலை போனது.

"இதக் கணக்கில சேக்கிறதோ, விடுறதோ?" என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, முழங்கால் அளவு தண்ணீரில் நின்றபடியே, என்னைக் கேட்டார்.